உம்ரா முடிந்து திரும்பும் நாள்: உம்மாவை எப்படிப் பத்திரமாக வீடு சேர்ப்பது?

கடைக்குட்டி (கேள்வி)

அஸ்ஸலாமு அலைக்கும். இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் உம்மாவோடு மக்காவுக்கு உம்ரா என்ற புனிதப் பயணம் கிளம்புகிறோம். 42 பேர் குழு, 15 நாள். முதலில் மதீனா, அப்புறம் மக்கா, கடைசியில் ஜித்தாவிலிருந்து விமானம். போவதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. இரண்டு வகுப்பு நடத்தி, இஹ்ராம் கட்டுவது முதல், ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே ஏழு தடவை நடக்கும் ஸஃயி முடித்து முடி களைவது வரை எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். உம்மா ஒரு நோட்டுப் போட்டு பிரார்த்தனைகளான துஆக்களை எல்லாம் எழுதி, ராத்திரி படுக்கும்போதும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்கிறார்கள்.

திரும்பி வருவதைப் பற்றித்தான் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அச்சடித்துக் கொடுத்த பயணத் திட்டத்தில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பத்தி இருக்கிறது, 15-ம் நாளுக்கு "தாயகம் திரும்புதல்" என்று இரண்டே சொல். நேற்று டிக்கெட்டை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டேன். மதியம் 2 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும், மாலை 6 மணிக்கு பஸ், இரவு 1.40-க்கு விமானம், வழியில் ஒரு விமான நிலையத்தில் 7 மணி நேரம் காத்திருப்பு, அப்புறம் இன்னொரு விமானம், இறங்கிய பிறகு காரில் 4 மணி நேரம். அறைக் கதவைப் பூட்டுவதிலிருந்து வீட்டுப் படி ஏறும்வரை 28 மணி நேரம் வருகிறது. உம்மாவுக்கு 71 வயது. இரண்டு முழங்காலும் தேய்மானம், பிரஷர் இருக்கிறது, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார்கள்.

இதைவிட என்னை உறுத்துவது வேறு. குழுவை வழிநடத்தக் கூட வரும் ஹஜ்ரத் திரும்பும்போது எங்களோடு வரமாட்டாராம். மறுநாளே அடுத்த குழு வந்து இறங்குவதால் அவர் மக்காவிலேயே தங்கிவிடுவார். "எல்லாரும் ஒரே விமானம்தானே, சேர்ந்தே வந்துவிடுவீர்கள்" என்கிறார்கள். சில வருடங்களுக்கு முன்னால் என் பெரியம்மா இப்படித்தான் ஒரு குழுவோடு வந்தார்கள். விமான நிலையத்தில் அவர்களைக் கூப்பிடப் போனவன் நான்தான். இரண்டு காலும் வீங்கி, செருப்புக்குள் பாதம் நுழையாமல், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்து வந்தார்கள். கூட வந்தவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை, அவரவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் காட்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

போய்வந்தவர்கள் சொல்லுங்கள். வீல்சேர் எப்படிக் கேட்பது? கஅபாவைச் சுற்றும் கடைசித் தவாஃபை எப்போது வைத்துக்கொள்வது? ஜம்ஜம் தண்ணீரை எப்படிக் கொண்டுவருவது? தலைவர் இல்லாத குழுவை யார் கவனிப்பது?

பழைய அமீர்

வ அலைக்குமுஸ் ஸலாம் தம்பி. ஒன்பது வருடம் குழு அழைத்துப் போனவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் கடைசிக் கேள்விதான் முதல் கேள்வி. மூன்று பேர் பயணம் கிளம்பினால் ஒருவரை அமீராக, அதாவது தலைவராக ஆக்கிக்கொள்ளட்டும் என்று அபூதாவூத் தொகுப்பில் நபிமொழி (ஹதீஸ்) இருக்கிறது. நாம் அதைப் போகும்போது மட்டும் செயல்படுத்துகிறோம். வரும்போது 42 பேருக்கு ஒரு அமீர்கூட இல்லை என்றால் அது குழுவே இல்லை, ஒரே விமானத்தில் ஏறிய 42 தனி ஆட்கள். கிளம்புவதற்கு முன்னாலேயே, வகுப்பு நடக்கும்போதே எழுந்து கேளுங்கள்: திரும்பும்போது எங்கள் அமீர் யார்? பெயர் சொல்லும்வரை விடாதீர்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு வருடம் நானும் அப்படித்தான் பின்தங்கி, குழுவை மட்டும் அனுப்பினேன். மாறும் விமான நிலையத்தில் ஒரு பெரியவர் ஒளூ செய்து தொழப் போனார், தொழுதுவிட்டு அந்தத் தொழுகை அறையிலேயே சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டார். பதினைந்து நாள் தூக்கம் கெட்ட உடம்பு, அவரைக் குறை சொல்ல முடியாது. மற்றவர்கள் விமானம் ஏறிவிட்டார்கள். யாரும் தலையை எண்ணவில்லை, அவர் முன்னால் எங்கோ உட்கார்ந்திருக்கிறார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். மொழி தெரியாமல், போன் வேலை செய்யாமல் ஒரு முழுப் பகலும் இரவும் அவர் அங்கே தனியாக இருந்தார். மறுநாள் வீடு சேர்ந்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அவர் மகன் என்னிடம் கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு பத்துப் பேருக்கும் ஒருவரைப் பொறுப்பாக வைத்தேன். ஹோட்டல் வாசல், பஸ், செக்-இன் முடிந்ததும், விமானம் ஏறும் வாசல், மாறும் இடத்தில் இறங்கியதும், மறுபடி ஏறும்முன் என்று ஆறு இடத்தில் எண்ண வேண்டும். அந்தப் பொறுப்பாளர் படித்தவராக இருக்க வேண்டும் என்றில்லை. கூச்சப்படாமல் சத்தமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தால் போதும்.

பாஸ்போர்ட் விஷயம். சில குழுக்களில் எல்லார் பாஸ்போர்ட்டையும் ஒன்றாக வாங்கி வைத்திருப்பார்கள். பஸ் ஏறும்முன் அவரவர் கையில் வந்துவிட வேண்டும். ஜித்தாவில் இரண்டு போர்டிங் பாஸ் தருவார்களா, அல்லது மாறும் இடத்தில் போய் இரண்டாவதை வாங்க வேண்டுமா என்று கவுண்டரிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு தந்தால் இரண்டாவதைத் தூக்கி எறிந்துவிடுபவர்கள் உண்டு, வேலை முடிந்த காகிதம் என்று நினைத்து. எந்த டெர்மினல் என்பதையும் முதல் நாளே உறுதி செய்யுங்கள். ஜித்தா விமான நிலையத்தில் ஹஜ் டெர்மினல் வேறு, ஹரமைன் ரயில் நிலையம் ஒட்டியிருக்கும் முதலாம் டெர்மினல் வேறு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்துவிட முடியாது. பஸ் டிரைவரிடம் விமான நிலையம் என்று மட்டும் சொன்னால் போதாது.

விடைபெறும் தவாஃப். ஹஜ்ஜுக்கு அது ஹனஃபி, ஷாஃபிஈ, ஹன்பலி ஆகிய மூன்று மத்ஹபிலும் (சட்டப் பிரிவிலும்) வாஜிப், அதாவது கட்டாயம்; மாலிக்கியில் சுன்னத், அதாவது விரும்பத்தக்கது. உம்ராவுக்குப் போனவருக்கு அதன் சட்டம் என்ன என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, உங்கள் மத்ஹபுப்படி ஹஜ்ரத்திடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நேரம் பற்றி நான் சொல்வேன். பெட்டி எல்லாவற்றையும் கட்டி, எடை பார்த்து, கீழே இறக்கி வைத்துவிட்டுத்தான் தவாஃபுக்குப் போக வேண்டும். தவாஃப் முடித்து அறைக்கு வந்து, உட்கார்ந்து துணி மடித்து, கடைக்குப் போய் வந்து என்று இழுத்தால் அது விடைபெறுதலாகவே இருக்காது. வீல்சேரில் மேல்தளத்தில் சுற்றினால் ஒவ்வொரு சுற்றும் கீழே கஅபாவை ஒட்டிய மத்தாஃப் முற்றத்தில் சுற்றுவதைவிட நீளம், ஆகவே கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அறையை 2 மணிக்குக் காலி செய்துவிட்டு 6 மணிவரை 42 பேரும் ஹோட்டல் கூடத்தில் பெட்டி மேல் உட்கார்ந்திருப்பது கொடுமை. வயதானவர்களுக்காக ஓர் அறையையாவது மாலைவரை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். செலவை எல்லாரும் பகிர்ந்தால் பெரிதாக வராது.

ஜம்ஜமைப் பெட்டிக்குள் துணிக்கு நடுவே சுற்றி வைக்கவே வேண்டாம், எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள். விமான நிலையத்தில் விற்கும், முத்திரையிட்ட 5 லிட்டர் அட்டைப்பெட்டியை வாங்கித் தனியாகப் போட வேண்டும். உங்கள் விமானத்தில் அதை எப்படி ஏற்கிறார்கள் என்று முன்னாலேயே கேளுங்கள். கைப்பையில் பாட்டிலில் கொண்டுவந்தால் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். அங்கே தப்பினாலும் மாறும் இடத்தில் மறுபடி சோதனை உண்டு. ஒரு மூதாட்டி அந்தச் சோதனை மேஜை முன்னால் நின்று, கொட்டவும் மனமில்லாமல் அங்கேயே முழுப் பாட்டிலையும் குடித்து முடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

வார்டு செவிலியர்

கால் வீக்கத்தைப் பற்றி நான் சொல்கிறேன், என் வேலையே அதுதான். உங்கள் பெரியம்மாவுக்கு இரண்டு காலும் வீங்கியது பெரும்பாலும் பல மணி நேரம் காலைத் தொங்கப் போட்டு அசையாமல் உட்கார்ந்ததால் வந்திருக்கும். படுத்து, காலை உயர்த்தி வைத்தால் ஓரிரு நாளில் வடிந்துவிடும். நாங்கள் பயப்படுவது ஒரு காலில் மட்டும் வரும் வீக்கத்துக்கு. கெண்டைக்காலில் வலி, தொட்டால் சூடு, ஒரு கால் மட்டும் பருத்திருப்பது, இதெல்லாம் ஆழமான ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் திடீரென்று மூச்சுத் திணறும், நெஞ்சு வலிக்கும், உயிருக்கே ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், 4 மணி நேரமோ அதற்கு மேலோ உட்கார்ந்தபடி பயணம் செய்தால் இந்த ஆபத்து சுமார் இரண்டு மடங்காகிறது என்று கண்டார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு அப்போதும் 6,000 பேரில் ஒருவர் என்ற அளவுதான், பதற வேண்டாம். ஆனால் வயது, உடல் பருமன், முன்பு கட்டி வந்த வரலாறு, அண்மையில் அறுவை சிகிச்சை இவை இருந்தால் ஆபத்து கூடும். விமானம் மட்டும் இல்லை, பஸ்ஸிலும் காரிலும் உட்காருவதும் இதே கணக்குத்தான். உங்கள் பயணத்தில் மூன்றும் இருக்கிறது.

செய்ய வேண்டியது எளிது. அரை மணிக்கு ஒரு தடவை உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கி இறக்கி, அப்புறம் விரல்களைத் தூக்கி இறக்கி, இருபது இருபது தடவை. உம்மாவுக்கு நடைவழி ஓரத்து இருக்கை வாங்குங்கள். குழு டிக்கெட்டில் இருக்கை தாறுமாறாக விழும், நீங்கள் ஒரு வரிசை உம்மா ஒரு வரிசை என்று வரலாம், செக்-இன் கவுண்டரிலேயே கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். அழுத்தக் காலுறை நல்லது, ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்குக் கால் ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம், டாக்டர் காலைப் பார்த்து சரி என்று சொன்ன பிறகே அளவெடுத்து வாங்குங்கள்.

தண்ணீர்தான் எனக்குப் பெரிய கவலை. வயதான பெண்கள் கழிப்பறைக்கு எழுந்து போகக் கூச்சப்பட்டு, முந்தின நாளிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். சிலர் நீர் பிரியும் மாத்திரையையும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், அப்புறம் பிரஷர் ஏறுகிறது. விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டது, உடம்பு தானாகவே காயும். நீங்கள் மகன், உங்களிடம் சொல்லவும் தயங்குவார்கள். குழுவில் கழிப்பறைக்குத் துணையாகப் போக ஒரு பெண்ணை முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றைச் செய்தால் பாதிப் பிரச்சினை வராது.

இன்சுலினைப் பெட்டியில் போட்டு அனுப்பவே கூடாது, சரக்கு அறையில் உறைந்து கெட்டுவிடலாம். கைப்பையில் டாக்டர் சீட்டோடு இருக்கட்டும். நேர வித்தியாசத்துக்கு எந்த வேளை எவ்வளவு போடுவது என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று நாள் மாத்திரை அதிகமாகவே வையுங்கள், விமானம் தாமதமானால் உதவும். பவர் பேங்க்கையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

ஒரு விஷயம், இதை யாரும் நினைப்பதில்லை. ஸஃபாவிலிருந்து மர்வா ஒரு தடவை சுமார் 450 மீட்டர். ஏழு தடவைக்கு 3 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. இரண்டு வாரம் தினமும் ஹரம் பள்ளிக்கு நடந்து, தூக்கம் குறைந்து, கூட்டத்தில் இருமல் தொற்றி, ஏற்கெனவே களைத்த உடம்பை வைத்துக்கொண்டுதான் இந்த 28 மணி நேரத்தைத் தொடங்குகிறீர்கள். கடைசி இரண்டு நாள் உம்மாவை அளவாக நடக்கச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கமாட்டார்கள், இனி எப்போது வரப்போகிறோம் என்று கடைசி நாளில்தான் அதிகம் ஓடுவார்கள். இருந்தாலும் சொல்லுங்கள்.

ஊர் வந்த பிறகு 14 நாளுக்குள் காய்ச்சலும் இருமலும் மூச்சுத் திணறலும் வந்தால், டாக்டரிடம் முதல் வார்த்தையாக சவூதியிலிருந்து வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். மெர்ஸ் என்ற நோய் 2012-ல் அங்கேதான் முதலில் அடையாளம் காணப்பட்டது, பயணம் பற்றிச் சொன்னால்தான் அதைச் சோதிப்பார்கள். காய்ச்சலோடு கடுமையான தலைவலி, கழுத்து விறைப்பு, வெளிச்சம் கண்ணைக் கூசுவது, உடம்பில் தடிப்பு என்று இருந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள், அது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம்.

கடைக்குட்டி

ஜஸாகுமுல்லாஹு கைரன் இருவருக்கும். படித்துவிட்டு உடனே பயண அலுவலகத்துக்குப் போன் போட்டேன். வீல்சேர் போகும் விமானத்துக்கு மட்டும்தான் பதிவாகியிருக்கிறது, திரும்புவதற்கு இல்லை! கேட்காமல் விட்டிருந்தால் ஜித்தாவில் போய்த்தான் தெரிந்திருக்கும். சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

மூத்த மகள்

அதே மாதிரி ஒரு தப்பு எங்களுக்கும் நடந்தது, அதனால்தான் எழுதுகிறேன் தம்பி. எங்களுக்கு வரும் வழிக்கும் பதிவு இருந்தது, ஆனால் தவறான வகை. விமான நிறுவனங்கள் மூன்று வகை வைத்திருக்கின்றன. டபிள்யூசிஎச்ஆர் என்றால் தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறுவார். டபிள்யூசிஎச்எஸ் என்றால் படியும் ஏற முடியாது. டபிள்யூசிஎச்சி என்றால் இருக்கைவரை தூக்கிவிட வேண்டும். எங்கள் உம்மாவுக்கு முதல் வகை போட்டிருந்தார்கள். மாறும் இடத்தில் விமானம் தூரத்தில் நின்றது, பஸ்ஸில் கொண்டுபோய் ஏணிப்படி முன்னால் விட்டுவிட்டார்கள். உம்மா அண்ணாந்து அந்தப் படியைப் பார்த்த பார்வை இருக்கிறதே. நானும் முன்பின் தெரியாத ஒரு பையனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒவ்வொரு படியாக ஏற்றினோம். உங்கள் உம்மாவுக்கு முழங்கால் தேய்மானம் என்கிறீர்கள், படி ஏற முடியாத வகைக்கே கேளுங்கள். குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் இரண்டு விமானத்துக்கும் தனித்தனியாக உறுதிப்படுத்துங்கள்.

அப்புறம், இது உடம்பு சம்பந்தப்பட்டது இல்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். மக்காவை விட்டு பஸ் கிளம்பியதும் உம்மா கழுத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் பார்த்தபடியே வந்தார்கள், கட்டடங்கள் மறைந்து ரோடு மட்டும் தெரிந்த பிறகும். அதற்கப்புறம் பேச்சே இல்லை. விமானத்தில் சாப்பிடவில்லை, கேட்டால் தலையை மட்டும் ஆட்டினார்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது, பக்கவாதம் ஏதாவதோ என்று கையைத் தூக்கச் சொன்னேன், சிரிக்கச் சொன்னேன், பெயர் சொல்லச் சொன்னேன். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு மறுபடி மௌனம். பக்கத்தில் குழுவினர் பெட்டி எடைக்காகவும் பேரீச்சம்பழப் பைக்காகவும் ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், நேற்றுவரை ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அந்தச் சத்தத்தைத் தாங்க முடியாமல் நானும் உம்மாவிடம் எரிந்து விழுந்தேன், பேசுங்களேன் உம்மா என்று.

வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள்தான் சொன்னார்கள். "உன் வாப்பா கூட வரணும்னு நாப்பது வருஷம் நெனச்ச இடம். அவர் இல்லாம நான் மட்டும் போய்ட்டு, நான் மட்டும் வந்துக்கிட்டிருக்கேன். என்னத்தப் பேச?" நான் எரிந்து விழுந்த அந்த நேரத்தில் அவர்கள் மனதில் இதுதான் ஓடியிருக்கிறது. மன்னிப்புக் கேட்டேன். தம்பி, உங்கள் உம்மா பேசாமல் வந்தால் உடம்பை ஒருமுறை பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் அப்படியே விடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், போதும். வீட்டிலும் முதல் நாள் பார்க்க வருபவர்களைக் கொஞ்சம் தள்ளி வரச் சொல்லுங்கள்.

பழைய அமீர்

சகோதரி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் தோன்றவில்லை. அல்லாஹ் உங்கள் வாப்பாவுக்கு மறுமையில் உயர்வைத் தரட்டும்.

பயணம் வேதனையின் ஒரு பகுதி, அது ஒருவரின் உணவையும் பானத்தையும் தூக்கத்தையும் தடுக்கிறது, காரியம் முடிந்ததும் குடும்பத்திடம் விரைந்து திரும்பட்டும் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் இருக்கிறது. கடைசி நாளில் எல்லாரும் சிடுசிடுப்பாக இருப்பதை ஈமான் குறைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம், தூக்கமில்லாத உடம்பு அப்படித்தான். அமீர் அதைத் தெரிந்துவைத்திருந்தால் சண்டையைப் பெரிதாக்காமல் பெட்டியை வாங்கி எடை மாற்றிக் கொடுப்பார்.

நபி (ஸல்) அவர்கள் திரும்பும்போது ஓதியது "ஆயிபூன, தாயிபூன, ஆபிதூன, லி ரப்பினா ஹாமிதூன்". திரும்புகிறவர்களாக, பாவமன்னிப்புக் கேட்பவர்களாக, வணங்குபவர்களாக, எங்கள் இறைவனைப் புகழ்பவர்களாக. ஊரை நெருங்கும்போது ஓதுங்கள். ஊர் சேர்ந்ததும் முதலில் பள்ளிக்குப் போய் இரண்டு ரக்அத் தொழுவது நபிவழி. நீங்கள் இறங்கியதும் தொழுதுவிட்டு வீட்டுக்குப் போகலாம், உம்மாவின் கால் அனுமதித்தால் அவர்களும்.

கடைக்குட்டி

அமீர் கிடைத்துவிட்டார். நேற்று வகுப்பில் எழுந்து கேட்டேன், முதலில் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கையைத் தூக்கினார். "நாலு வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போய் எண்ணிக் கூட்டி வந்தவன், உங்களை எண்ணமாட்டேனா" என்றார். நாற்பத்திரண்டு பெயரையும் அப்போதே எழுதி வாங்கிக்கொண்டார். அவர் மனைவி, நான் கேட்காமலே, விமானத்தில் உம்மாவுக்குத் துணையாக நான் இருக்கிறேன் என்றார்கள். வீல்சேர் வகையையும் மாற்றியாயிற்று. ஓர் அறையை மாலைவரை வைத்துக்கொள்வதற்குத்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் திரும்பும் துஆவை உம்மாவிடம் படித்துக் காட்டினேன். நோட்டைப் புரட்டிப் பார்த்தார்கள், அது அதில் இல்லை. "போற துஆ பூரா எழுதினேன், வர்றத விட்டுட்டேனே" என்று சொல்லிவிட்டு என்னையே சொல்லச் சொல்லி, கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். நாளைக்கு டாக்டரிடம் காலைக் காட்டி, காலுறை போடலாமா என்று கேட்கப் போகிறோம். போய்வந்ததும் எழுதுகிறேன், துஆ செய்யுங்கள்.